நேவாவுக்கு, போர்வையோடு சேர்த்து

பெட்டியைத் திறந்ததும் முதலில் இதைப் படி, நேவா,
அப்புறம் விரி.
இடது ஓரம், மூன்றாவது வரிசை,
ஒரு வாத்தின் மேல் பச்சைக் கறை இருக்கும்.
இரண்டு முறை அலசினேன். போகவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வழக்கு:
தெற்கு ஜன்னல் யாருக்கு?
ராய்ஸ் முட்டை அட்டைகளில் தக்காளி விதைத்து
ஜன்னல் நெடுக அடுக்கிவிட்டான்.
சாப்பாட்டு மேசையை விழுங்கிய என் தையல் சட்டமும்
அதே வெளிச்சத்துக்குத்தான் கழுத்தை நீட்டியது.
மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.
சட்டத்துக்கு அடியில் டான்சி பள்ளிக்கூடம் நடத்தினாள்.
ஒரு பூனை, நான்கு உருளைக்கிழங்கு.
கண் முளைத்தவை மட்டும் பாஸ்.

இரட்டை மோதிரம் வேண்டாம் என்றாய் நீ போனில்.
"அதைப் போத்தித் தூங்கி ரெண்டு பேரைப் பாத்தாச்சு."
சிரித்தாய். நானும் சிரித்தேன்,
வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஊசி கோக்க வரவில்லை.
அதனால் பறக்கும் வாத்துகள்:
முக்கோணம் முக்கோணமாய்,
ராய்ஸின் நீலச் சட்டை, டாரலுக்குச் சின்னதாகிப் போன பைஜாமா,
உன் முதல் சமையலறையின் மஞ்சள் திரை
(நீ எறியச் சொன்னாய், நான் எறியவில்லை),
எல்லாம் ஒரே திசையில்.

ஏப்ரலில் பத்து நாள் வெயில்.
இந்த ஓசார்க் குன்றுகளில் ரெட்பட் பூத்துவிட்டால்
என் புருஷனுக்கு இருப்புக்கொள்ளாது.
"மண்ணைத் தொட்டுப் பாரு, கதகதன்னு இருக்கு."
டாக்வுட் பூக்கும்போது ஒரு குளிர் வரும், பொறு என்றேன்.
அவன் பொறுக்கவில்லை. நாற்பத்தோரு நாற்று.
நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தபடி
உலகத்தையே உழுதவன்போல் உள்ளே வந்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
ஜன்னல் எனக்குக் கிடைத்ததே.

பதினோராம் நாள் டாக்வுட் வெள்ளையாய் வெடித்தது.
அன்றிரவு ஒன்பது மணிக்கு வெஸ்ட் பிளெய்ன்ஸ் வானொலி
உறைபனி என்றது.

வாளி, படுக்கை விரிப்பு, துண்டு,
குளியலறைத் திரை, நாயின் கம்பளி,
டாரலின் ஃபுட்பால் சட்டைகூட.
கடைசியில் ஏழு செடி மிஞ்சியது.
ராய்ஸ் டார்ச்சோடு சாப்பாட்டு அறை வாசலில் நின்றான்.
சட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன், நேவா.
பாவி, கேட்கவில்லை.

நானே அவிழ்த்தேன்.
மூலைக்கு ஒருவராய் நால்வரும் பிடித்து,
தூங்கும் பிள்ளையைக் கட்டில் மாற்றுவதுபோல்,
இருட்டில் படியிறங்கினோம்.
பாதி தைத்த போர்வை, காற்று வேறு.
டாரல் சறுக்கி முட்டி போட்டது அப்போதுதான்.
"வாத்து ராத்திரியில தக்காளி தின்னுமா?" என்றாள் டான்சி.
தின்னாது என்றான் ராய்ஸ், சத்தியம் செய்வதுபோல்.

காலையில் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது.
தூக்கியபோது நொறுங்கும் என்றே நினைத்தேன்.
விரிப்புக்கு அடியில் இருந்தவற்றில் பத்தொன்பது
வேகவைத்த கீரையாய்த் தலை தொங்கின.
உன் வாத்துகளுக்குக் கீழே ஆறு உயிரோடு.
ஏழாவதைக் கொன்றது பனியல்ல, டாரலின் முட்டி.
அந்த இலைதான் கறை.

அந்த முக்கோணத்தைப் பிரித்து மாற்ற
கத்திரி எடுத்தேன். வைத்துவிட்டேன்.
சுற்றி மட்டும் தையலை நெருக்கிப் போட்டிருக்கிறேன்,
இருட்டில் தடவினாலும் தெரியும்.
லைலிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.
காப்பி கொட்டினேன் என்றும் சொல்லலாம்,
பச்சைக் காப்பி என்று அவன் நம்பினால்
கல்யாணம் செய்துகொள்ளலாம், நல்லவன்தான்.

ஆகஸ்டில் துல்சாவிலிருந்து வரும்போது காலிக் கூடை கொண்டு வா.
ஆறு செடிக்கு ரொம்ப ஆசைப்படாதே.

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்.
மேசை காலியாகி இரண்டு நாள்கூட ஆகவில்லை,
ராய்ஸ் பூசணி விதைத்துவிட்டான்.